பழைய வாள்-மந்திர அனிமே தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தொடர்களைப் பற்றிய பக்கம் இது?

கோட்டை, குதிரை, வாள், டிராகன், மந்திரம், நீண்ட காதும் மனிதரைவிட மிக நீண்ட ஆயுளும் உள்ள எல்ஃப் என்று ஐரோப்பிய இடைக்காலச் சாயலில் ஜப்பானியர்கள் எடுத்த பழைய அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர்களைப் பற்றியது. முக்கியமாக நான்கு. ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார் (1990–91, 13 எபிசோட்), ஸ்லேயர்ஸ் (1995, முதல் சீசன் 26 எபிசோட்), எஸ்காஃப்ளோன் (1996, 26 எபிசோட்), பெர்செர்க் (1997–98, 25 எபிசோட்).

லோடாஸைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். கல்லூரி நாட்களில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டரில் இரண்டே இரவில் பார்த்து முடித்தேன். அதன் பிறகு எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. மற்ற மூன்றையும் நான் தேடிப் போனதற்கும் அதுதான் காரணம்.

ஜப்பானில் சாமுராய் இருக்கும்போது ஐரோப்பியக் கோட்டையும் டிராகனும் எதற்கு?

விளையாட்டு வழியாக வந்தது. 1974-இல் அமெரிக்காவில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு வெளியானது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் கதை நடத்துபவர். "குகைக்குள் போகிறேன்" என்று நீங்கள் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். வாள் வீச்சு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1981-இல் வந்த விஸார்ட்ரி போன்ற கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இதே அச்சில் வந்தவை. 1985-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு ஜப்பானியப் பதிப்பு வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் டிராகன் குவெஸ்ட் என்ற வீடியோ விளையாட்டு வெளியாகி, ஜப்பானியப் பிள்ளைகளின் வீட்டுக்குள் டிராகன் நுழைந்துவிட்டது.

ஆனால் அந்த மேசை விளையாட்டை எப்படி ஆடுவது என்று அங்கே பலருக்குப் புரியவில்லை. பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. விதிப் புத்தகத்தைப் படித்தால் தலை சுற்றும். அதனால் குரூப் எஸ்.என்.இ. என்ற குழு ஒரு வேலை செய்தது. தாங்கள் ஆடிய ஆட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை நாடக வசனம் போல எழுதி, காம்ப்டிக் என்ற பத்திரிகையில் 1986-இலிருந்து தொடராகப் போட்டார்கள். கதை நடத்தியவர் ரியோ மிசுனோ. விளையாட்டு சொல்லிக்கொடுக்க எழுதிய தொடர், கதைக்காகவே படிக்கப்பட ஆரம்பித்தது. 1988-இல் மிசுனோவே அதை நாவலாக எழுதினார். 1990-இல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ அதை அனிமேயாக எடுத்தது. அதுதான் லோடாஸ்.

அதற்கு முன்பும் முயற்சிகள் இருந்தன. 1983-இல் வந்த ஆரா பேட்லர் டன்பைன் 49 எபிசோட் ஓடியது. அதில் மாய உலகமும் கோட்டைகளும் உண்டு, கூடவே பூச்சி வடிவ இயந்திர வீரர்களும் உண்டு. இயந்திரம் எதுவும் இல்லாமல், வாளையும் மந்திரத்தையும் மட்டும் நம்பி இறங்கி, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அச்சாக நின்றது லோடாஸ்.

லோடாஸின் கதை என்ன?

சபிக்கப்பட்ட தீவு என்று பெயரெடுத்த லோடாஸ் தீவு. பார்ன் என்ற கிராமத்துப் பையன். அவன் அப்பா வாலிஸ் நாட்டின் வீரர், ஆனால் அவப்பெயரோடு செத்தவர். அப்பாவின் கவசத்தைப் போட்டுக்கொண்டு வீரனாகக் கிளம்புகிறான் பையன். உடன் வருபவர்கள் எல்ஃப் பெண் டீட்லிட், குள்ளர் கிம், பூசாரி ஏடோ, மந்திரவாதி ஸ்லெய்ன், திருடன் உட்சக். அதே நேரம் மார்மோ என்ற இருண்ட தீவின் பேரரசன் பெல்ட், லோடாஸைப் பிடிக்கப் படையெடுத்து வருகிறான்.

எழுதிவைத்த மாதிரி வழக்கமான கதையாக இருக்கிறதே. இதில் என்ன அப்படி?

ஆமாம், ஆட்களின் பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தப் பட்டியல் ஜப்பானில் வழக்கமானதே இவர்களால்தான் என்பதை ஒரு பக்கம் வைத்துவிடலாம். நான் இந்தத் தொடரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. (இனிமேல் கதையின் முக்கியத் திருப்பங்கள் வரும். பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.)

பார்ன் வருவதற்கு முன்பே அந்தத் தீவில் ஒரு பெரிய கதை நடந்து முடிந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அசுரனை வீழ்த்திய ஆறு வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் இன்றைய வாலிஸின் நல்ல அரசன் ஃபான். இன்னொருவன் இன்றைய படையெடுப்பாளன் பெல்ட். தோளோடு தோள் நின்ற இரண்டு பேர் கிழப் பருவத்தில் எதிரெதிர்ப் படைகளின் தலைமையில் நிற்கிறார்கள். அந்தப் போரில் இருவருமே சாகிறார்கள். நம் கதாநாயகன் அந்தக் களத்தில் ஒரு ஓரமாக நிற்கும் பையன். அந்த நட்பின் முழு எடையும் அவனுக்குத் தெரியாது. நமக்கும் அரைகுறையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையிலேயே நாம் பார்க்காமல் விட்ட இன்னொரு தொடர் முழுசாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் கார்லா. சாம்பல் நிற சூனியக்காரி. இந்தத் தொடரின் உயிர் அவள்தான் என்பேன். அழிந்துபோன ஒரு பழைய மந்திர ராஜ்ஜியத்தின் கடைசி ஆள். நெற்றிப்பட்டம் ஒன்றுக்குள் தன் உயிரை வைத்து, அதை அணிபவர்களின் உடம்பைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளாக வாழ்கிறாள். நல்ல பக்கமோ கெட்ட பக்கமோ, எது முழுசாக ஜெயித்தாலும் பிறகு வரும் வீழ்ச்சி பயங்கரமாக இருக்கும் என்று நம்புகிறாள். அதனால் எந்தப் பக்கம் ஓங்கினாலும் தட்டிவைக்கிறாள். இதற்காக எத்தனை பேர் செத்தாலும் அவளுக்குக் கணக்கில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் பயமே. குள்ளர் கிம் தான் கடன்பட்ட ஒரு தாயின் மகளை அவளிடமிருந்து மீட்க உயிரைக் கொடுக்கிறார். பெண் மீள்கிறாள். ஆனால் நெற்றிப்பட்டம் தரையில் கிடக்கிறது. அதை எடுப்பது அவர்களுடைய தோழன், திருடன் உட்சக். கூட வந்தவனின் உடம்பிலேயே கார்லா போய்விடுகிறாள்.

நாயகனுக்காக உண்டாக்கிய உலகமாக இருந்தால் இப்படி நடக்காது. மேசையில் கதை நடத்தியவர், ஆட வருபவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது இருக்க வேண்டும் என்று தீவு முழுவதையும் யோசித்து வைத்திருக்க வேண்டும்: யார் அரசன், யாருக்கு யார் மீது பழைய பகை, இந்தச் சுரங்கத்தை யார் தோண்டினார்கள் என்று. ஆட்டக்காரர்கள் அதில் பாதியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். தொடாமல் விட்டதெல்லாம் பின்னணியில் அப்படியே நிற்கிறது. இந்தத் தொடர்களின் ஈர்ப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் ஒரே பதில் இதுதான்: கதாநாயகன் பிறக்கும் முன்பே இருந்த, அவன் போன பிறகும் இருக்கப்போகிற உலகம்.

டீட்லிட் பாத்திரத்துக்கு ஏன் இவ்வளவு ரசிகர்கள்?

முதலில் அந்தக் காது. ஜப்பானிய அனிமேயிலும் விளையாட்டுகளிலும் எல்ஃப் என்றால் பக்கவாட்டில் நீண்டு நிற்கும் காது என்று ஆனதில் டீட்லிட்டுக்குப் பெரிய பங்கு. நாவலுக்கு அவளை அப்படி வரைந்தவர் யூடகா இசுபுச்சி.

இன்னொரு தகவல் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த முதல் மேசை ஆட்டத்தில் டீட்லிட்டாக ஆடியவர் ஓர் ஆண், ஹிரோஷி யமமோட்டோ. பின்னாளில் அறிவியல் புனைகதை எழுத்தாளராகப் பெயரெடுத்தவர். அவள் கர்வம், சட்டென்று வரும் கோபம், பார்ன் மீதான பிரியத்தை வெளிக்காட்டாமல் சீண்டுவது, எல்லாவற்றுக்கும் விதை அந்த மேசையில் விழுந்தது. ஒரு மனிதர் நண்பர்களோடு உட்கார்ந்து வாயாலேயே உருவாக்கிய பெண், நாற்பது ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் புதிய பொம்மைகளிலும் விளையாட்டுகளிலும் வந்துகொண்டே இருக்கிறாள்.

படம் பழசாக இருக்கிறது. இந்த ஓவியத்தில் அப்படி என்ன அழகு?

பழசாக இருப்பதில்தான் அழகு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எப்படி வரைந்தார்கள் என்று தெரிந்தால் பார்க்கும் விதம் மாறும்.

அப்போது கணினி வண்ணம் கிடையாது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் பாத்திரங்களின் கோட்டு ஓவியத்தைப் படியெடுத்து, பின்புறத்தில் கையால் வண்ணம் பூசி, தனியாக வரைந்த பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு தாளாகக் கேமராவில் படம் பிடிப்பார்கள். 1990-களின் கடைசியில்தான் இந்த முறை கணினிக்கு மாறத் தொடங்கியது. அந்தப் பின்னணிகளில் தூரிகை போன தடம் தெரியும். ஈரம் பட்ட கல்சுவர் ஈரமாகவே இருக்கும். பந்த வெளிச்சம் முகத்தில் விழும்போது சுற்றியிருக்கும் இருட்டு நிஜமான இருட்டு. இன்றைய தொடர்கள் பலவற்றில் குகைக்குள்ளும் பட்டப்பகல் மாதிரி எல்லாம் தெரிகிறது. பயம் எங்கிருந்து வரும்?

லோடாஸ் தொலைக்காட்சிக்கு எடுத்ததல்ல, நேரடியாக வீடியோவில் விற்க எடுத்தது. ஓ.வி.ஏ. என்பார்கள். ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள் என்பதால் படத்தில் நுணுக்கம் கூடும். நொபுடெரு யூகியின் பாத்திர ஓவியங்களில் முடியின் ஒவ்வொரு கற்றையும் கவசத்தின் ஒவ்வொரு தகடும் தனியாகத் தெரியும். இவ்வளவு கோடு போட்டால் அசைப்பது கஷ்டம். அதனால் பல சண்டைகள் அசையாத ஓவியங்களாக உறைந்து நின்றுவிடும். இது குறைதான். முதல் எபிசோடில் இருக்கும் உழைப்பு நடுவில் சில இடங்களில் காணாமல் போவதும் உண்மை. ஆனால் ஷெர்ரி பாடிய தொடக்கப் பாடலோடு வரும் அந்த ஓவியங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அவற்றை வரைந்தவர்களைக் குறை சொல்லவே எனக்கு மனசு வராது.

லோடாஸில் வேறு என்ன பிடிக்கவில்லை?

பின்பாதி. கார்லாவின் கதை எட்டிய உயரத்தை அடுத்து வரும் செங்கோல் தேடல் எட்டவில்லை. கரிய வீரன் ஆஷ்ராமும் அவனை நேசிக்கும் பிரோடெஸும்தான் அந்தப் பகுதியைத் தாங்குகிறார்கள். கடைசியில் டீட்லிட்டைக் கடத்திக்கொண்டு போய்ப் பலிபீடத்தில் கிடத்துகிறார்கள். முதல் எபிசோடிலிருந்து தன் காலில் நின்ற பெண்ணை மீட்கப்பட வேண்டிய பொருளாக ஆக்கியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1998-இல் 27 எபிசோடில் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அது ஓ.வி.ஏ.-வின் பின்பாதியை விட்டுவிட்டு நாவலின் வழியில் போகும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் குழம்பும். இடைவெளி விட்டுப் பாருங்கள்.

முதல் எபிசோட் ஒன்றும் புரியவில்லை. எதையாவது தவறவிட்டேனா?

இல்லை. லோடாஸின் முதல் எபிசோட் கதையின் நடுவிலிருந்து எடுத்தது. ஆறு பேரும் ஏற்கெனவே சேர்ந்து சுரங்கப் பாதையில் போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டாவதிலிருந்துதான் ஆரம்பம். பெர்செர்க்கும் இப்படித்தான். பொறுமையாக இருங்கள்.

பெர்செர்க் பார்க்கலாமா? பிள்ளைகளோடு?

பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: கொடூரமான வன்முறை உண்டு, பாலியல் வன்முறை உண்டு, கடைசி எபிசோடுகள் தூக்கத்தைக் கெடுக்கும். அதோடு கதை ஒரு பயங்கரமான இடத்தில் அப்படியே நின்றுவிடும்.

அதையும் மீறிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கென்டாரோ மியூரா 1989-இல் தொடங்கிய மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) ஒரு பகுதியை எடுத்து, 1997 அக்டோபரிலிருந்து 25 எபிசோடாகத் தந்தார்கள். பெரிய வாளோடு திரியும் கூலிப்படை வீரன் கட்ஸ். அவனைத் தோற்கடித்துத் தன் பருந்துப் படையில் சேர்த்துக்கொள்ளும் கிரிஃபித். படையை நடத்தும் காஸ்கா. நூறாண்டுப் போரில் சிக்கிய மிட்லண்ட் நாடு.

பேய்களும் பூதங்களும் முதல் எபிசோடில் தலைகாட்டிவிட்டு ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்ளும். நடுவில் பார்ப்பது மூன்று மனிதர்களை மட்டும். ஒரு இரவு, நீரூற்றின் அருகே கிரிஃபித் இளவரசியிடம் சொல்கிறான்: என் கனவைப் பின்பற்றுபவன் எனக்கு நண்பனாக மாட்டான், தனக்கென்று ஒரு கனவு வைத்திருப்பவன்தான் எனக்குச் சமமானவன், நண்பன். படிக்கட்டின் கீழே நின்று கட்ஸ் இதைக் கேட்டுவிடுகிறான். அவ்வளவுதான். அதன் பிறகு நடக்கும் அத்தனை நாசத்துக்கும் இந்த ஒரு பேச்சில் வேர் இருக்கிறது. இன்னொரு காட்சியில் குன்றின் மேலிருந்து பாளையத்தில் எரியும் நெருப்புகளைப் பார்த்தபடி, ஒவ்வொருவனும் தன் சின்னக் கனவை அந்தப் பெரிய நெருப்பில் போடுகிறான் என்று கட்ஸ் காஸ்காவிடம் பேசுகிறான். சண்டைக் காட்சிகள் மறந்துபோனாலும் இந்த இரண்டும் மறக்காது.

பணம் குறைவு என்பது பார்த்தாலே தெரியும். முக்கியத் தருணங்களில் வண்ணக் கட்டியால் தீட்டிய மாதிரி அசையாத ஓவியம் ஒன்றை நிறுத்திவிடுவார்கள். அது காட்சியை மனதில் ஆணியடித்துவிடுகிறது. சுசுமு ஹிராசாவாவின் இசை வேறு. இடைக்காலக் கதைக்கு சிந்தசைசர் பொருந்துமா என்று கேட்டால், கேட்டுப் பாருங்கள் என்பதுதான் பதில்.

மியூரா 2021 மே மாதம் 54 வயதில் இறந்துபோனார். அவர் சொல்லிவைத்த கதையை நினைவில் வைத்திருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், மியூராவின் உதவியாளர்கள் 2022-இலிருந்து மங்காவைத் தொடர்கிறார்கள். பொழுதுபோக்குக்காகப் படிக்க ஆரம்பித்த எனக்கு, அந்தச் செய்தி வந்த நாள் வீட்டில் ஒருவர் போனது போல இருந்தது.

எஸ்காஃப்ளோனில் இயந்திர மனிதன் வருகிறதே. அது இந்தப் பட்டியலில் எப்படி?

அந்த இயந்திரத்தை ஓட்டுவது டிராகனின் நெஞ்சிலிருந்து எடுத்த கல். அரசனாக வேண்டுமென்றால் டிராகனைக் கொன்று அந்தக் கல்லைக் கொண்டுவர வேண்டும் என்பது ஃபனேலியா நாட்டின் சடங்கு. இயந்திரத்துக்குக் காயம் பட்டால் இரத்த ஒப்பந்தம் செய்த இளவரசன் வானின் உடம்பில் காயம் தெரியும். இதை வாள்-மந்திரக் கதையில் சேர்க்காமல் எதில் சேர்ப்பது?

டேரட் சீட்டு பார்த்துக் குறி சொல்லும் பள்ளி மாணவி ஹிடோமி, கையா என்ற உலகத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே வானத்தில் நிலாவுக்குப் பக்கத்தில் நம் பூமியும் தொங்கும். ஹிடோமிக்குக் குரல் கொடுத்து, தொடக்கப் பாடலையும் பாடிய மாயா சகமோட்டோவுக்கு அப்போது வயது 16. இசை யோகோ கன்னோவும் ஹஜிமே மிசோகுச்சியும். பாத்திர ஓவியம் லோடாஸின் அதே நொபுடெரு யூகி. அதனால் மூக்கு கொஞ்சம் நீளம். காதலும் போரும் சரிசமமாக வேண்டுமென்றால் இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

சிரிக்க ஏதாவது?

ஸ்லேயர்ஸ். கொள்ளைக்காரர்களிடமே கொள்ளையடிக்கும் மந்திரக்காரி லினா இன்வர்ஸ், வாள் பிடிக்க மட்டும் தெரிந்த வீரன் கவுரி. மெகுமி ஹயாஷிபாராவின் குரல் லினாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல. சாப்பாட்டுக்குச் சண்டை, சண்டைக்கு ஒரு ஊர் அழிவது என்று போகும். ஆனால் மந்திரத்தின் விதியில் விளையாட்டே கிடையாது. லினாவின் பெரிய மந்திரம் ஓர் அசுர ராஜாவின் வலிமையைக் கடன் வாங்கி வீசுவது. அதனால் அந்த அசுரனே எதிரில் வந்து நின்றால் அதே மந்திரத்தை அவன் மீது பயன்படுத்த முடியாது. இவ்வளவு சிரிக்கவைத்துவிட்டு அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள் பாருங்கள். இரண்டாவது சீசனான நெக்ஸ்ட் (1996) இன்னும் நன்றாக இருக்கும்.

இப்போது வரும் இசெகாய் தொடர்களும் இதே மாதிரிதானே?

நம் உலகத்தில் செத்துப்போய் வேறு உலகத்தில் பிறக்கும் இசெகாய் கதைகளில் நல்லவை உண்டு. நான் பார்ப்பதும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் என்னை எப்போதும் யோசிக்கவைக்கும். அந்தக் கதைகள் பலவற்றில் கண்ணெதிரே காற்றில் ஒரு திரை திறக்கும். உன் லெவல் இவ்வளவு, உன் பலம் இவ்வளவு என்று எண் வரும். லோடாஸ் நிஜமாகவே எண்ணிலும் பகடையிலும் பிறந்த கதை. பார்னுக்கும் டீட்லிட்டுக்கும் ஆட்டத்தாளில் எண்கள் இருந்தன. படமாக்கும்போது அந்த எண்களை ஒன்று விடாமல் மறைத்தார்கள். பார்ன் தேறியிருக்கிறான் என்பதை அவன் வாளை எப்படிப் பிடிக்கிறான் என்பதைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரொம்ப மெதுவாகப் போகிறதே?

நடந்து போகிறார்கள், அதனால். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் தூரம் என்று தெரிந்தால்தான் படை வருகிறது என்ற செய்தி பயமுறுத்தும். போனைத் தள்ளிவைத்துவிட்டு இரவில் விளக்கை அணைத்துப் பாருங்கள். ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பார்ப்பது என் சிபாரிசு.

ஃப்ரீரன் பார்த்துப் பிடித்துப்போய் வந்தேன். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

சந்தேகமே வேண்டாம், லோடாஸ். 2023 செப்டம்பரில் தொடங்கிய ஃப்ரீரனை எடுத்ததும் அதே மேட்ஹவுஸ்தான். அரக்க ராஜாவை வீழ்த்திவிட்டுத் திரும்பி வரும் நால்வரில் இருந்து அந்தக் கதை தொடங்குகிறது. ஐம்பது ஆண்டில் வீரன் ஹிம்மல் கிழவனாகிச் செத்துப்போகிறான். எல்ஃப் ஃப்ரீரனுக்கு ஒரு நரைகூட இல்லை. அவன் கல்லறையின் முன்னால் நின்று, இவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே என்று அழுகிறாள்.

டீட்லிட்டும் எல்ஃப்தான். பார்ன் மனிதன்தான். இவன் எத்தனை நாள் இருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே கூடப் போகிறாள், சீண்டுகிறாள், அவன் காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். ஃப்ரீரனைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, எங்களுக்கு முதல் தடவை கிடைக்காத ஒன்று கிடைக்கும்: டீட்லிட் பார்னைப் பார்க்கும் ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கல்லறை நினைவுக்கு வரும்.